பாதியில் நிறுத்துதல்: தரவுத்தள சர்வருக்குள் ஓடும் நிரல்களும் அவை பிடித்திருக்கும் பூட்டுகளும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகத் திருத்திச் சுருக்கப்பட்டது.)



கொற்கைக் கரையில் சொற்பொழிவு என்றால் முத்து, சங்கு, பாண்டியர் துறைமுகம் என்று பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கணினிக்காரன், அதிலும் தரவுத்தளத்தின் உள்வேலையைப் படிப்பவன். ஆனால் இன்றைய பொருளுக்கு இந்த ஊர் பொருந்தி வருகிறது. பாதி வேலையில் இருக்கும் ஒருவரை எழுப்பி, அவர் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு எழுத்தில் விதியும் கட்டணமும் வகுத்து வைத்திருக்கும் தொழில் துறைமுகத் தொழில். எங்கள் துறை அந்தத் தெளிவுக்கு இன்னும் வரவில்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வருக்குள் ஓடும் ஒரு நிரலிடமிருந்து பிராசஸர் நேரத்தை எந்த நொடியிலும் பறிக்கலாம். அது பிடித்திருக்கும் பூட்டை அப்படிப் பறிக்க முடியாது. நேரத்தைப் பறித்துவிட்டுப் பூட்டை அதன் கையிலேயே விட்டுவைத்தால், யாருக்காகப் பறித்தோமோ அவருக்கே அது தீங்காக முடியும். புரொசீஜரையும் ட்ரிகரையும் இடைநிறுத்துவது பற்றி நாற்பது ஆண்டுகளாக நடந்த விவாதங்களை இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

1. உள்ளே வந்த பிறர் நிரல்

தரவுத்தளம் என்பது ஆரம்பத்தில் கேள்விக்குப் பதில் தரும் இயந்திரம். வெளியே ஓடும் நிரல் ஒரு கேள்வியை அனுப்பும். சர்வர் தேடி எடுத்துக் கொடுக்கும். அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும். சர்வருக்குள் ஓடுவதெல்லாம் சர்வரை எழுதியவர்களின் சொந்த நிரல். எவ்வளவு நேரம் ஓடும், எங்கே நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1987-இல் சைபேஸ் நிறுவனம் தன் எஸ்.க்யூ.எல். சர்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஸ்டோர்டு புரொசீஜரும் ட்ரிகரும் இருந்தன. புரொசீஜர் என்றால் நாம் எழுதி, சர்வருக்குள்ளேயே சேமித்து, பெயர் சொல்லி அழைக்கும் நிரல். ட்ரிகர் என்றால் அழைக்காமலே ஓடும் நிரல்: ஒரு அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தால், மாறினால், அழிந்தால் அது தானாகக் கிளம்பும். வரியைச் சேர்த்தவருக்கு அப்படி ஒன்று ஓடியதே பல நேரம் தெரியாது. வலையமைப்பில் ஆயிரம் முறை போய்வர வேண்டிய வேலை ஒரே அழைப்பில் முடிந்தது. வங்கிகளுக்கும் கிடங்குகளுக்கும் இது பெரிய வசதி.

வசதியோடு ஒரு சிக்கலும் வந்தது. இனி சர்வருக்குள் ஓடுவது யாரோ ஒருவர் எழுதிய நிரல். அதில் முடிவில்லாத சுழற்சி இருக்கலாம். மாதக் கடைசியில் மட்டும் நாற்பது நிமிடம் ஓடும் கணக்கு இருக்கலாம். அதை நிறுத்தும் உரிமை யாருக்கு?

2. எழுப்பும் விதி

ஒரே பிராசஸரைப் பலர் பகிர்ந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஓடுகிறவரே அவ்வப்போது நின்று அடுத்தவருக்கு இடம் தருவது ஒன்று. இதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்வோம். கடிகாரம் அடித்ததும் மேலிருந்து ஒருவர் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது இன்னொன்று. இதை இடைநிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஐ.டி.-யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961-இல் செய்து காட்டிய நேரப்பகிர்வு முறை இரண்டாவது வகை. விண்டோஸ் 3.1 முதல் வகை. அதில் ஒரு நிரல் அடம்பிடித்தால் திரையில் மணல்கடிகாரம் மட்டும் நிற்கும். மற்ற எல்லாமும் அதற்காகக் காத்திருக்கும். இங்கே நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த அவையில் இருக்கும் துறைமுக நண்பர்களுக்கு இந்த இரண்டும் புதிதல்ல. தளத்தில் கட்டிய கப்பல் தன் சரக்கை இறக்கி முடித்துத் தானாகக் கிளம்பும் வரை அடுத்தது வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். அது பொது விதி. அவசரமாக வரும் கப்பலுக்கு வரிசையில் முன்னிடம் தருவது பிரையாரிட்டி பெர்த்திங். ஏற்கெனவே தளத்தில் நிற்கும் கப்பலையே அவிழ்த்து வெளியே அனுப்பிவிட்டு இதைக் கட்டுவது ஔஸ்டிங் பிரையாரிட்டி. தினசரி பெர்த்திங் கூட்டத்தில் இந்தச் சொல் எழும்போது முகவர்களின் முகம் எப்படி மாறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வியந்தது அதற்கான கட்டண வாய்பாட்டைப் பார்த்துத்தான். இந்தியப் பெருந்துறைமுகங்களின் கட்டணப் பட்டியல்களில் இரண்டும் தனித்தனியாக வரும். வெறும் முன்னுரிமை என்றால், ஒரு நாள் தள வாடகை அல்லது தங்கும் காலம் முழுவதற்குமான தள வாடகையில் 75 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அது. எழுப்பி இடம் பிடித்தால் ஒரு நாள் வாடகை அல்லது முழு வாடகையில் 100 சதவீதம், எது கூடுதலோ அது. இதற்கு மேல், எழுப்பப்பட்ட கப்பலை வெளியே நகர்த்தவும் திரும்ப உள்ளே கொண்டுவரவும் ஆகும் செலவும் எழுப்பிய கப்பலின் கணக்கில். விலக்கு பெறுவோர் பட்டியலும் இருக்கும்: பாதுகாப்பு அமைச்சகத்தின் சரக்கு ஏற்றிய கப்பல், நல்லெண்ணப் பயணமாக வரும் படைக் கப்பல், அண்டார்க்டிகா ஆய்வுப் பயணத்துக்கு அமர்த்திய கப்பல். அண்டார்க்டிகா போகிற கப்பலைக்கூட யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலை எழுப்பினால் தளம் முழுதாகக் காலியாகிவிடும். அது கட்டியிருந்த கயிறு, நின்ற இடம், பயன்படுத்திய கிரேன் எல்லாம் அடுத்தவருக்கு. கணினியில் அப்படி இல்லை. நிரலை எழுப்பினால் பிராசஸர்தான் காலியாகும். அது பூட்டி வைத்த அறைகள் பூட்டியபடியே இருக்கும். சாவியும் எழுந்து போனவரிடமே இருக்கும்.

3. தொடரணி

தரவுத்தளக்காரர்கள் இயங்குதளத்தின் இடைநிறுத்தத்தை வெறுக்கத் தொடங்கியது இந்தச் சாவியால்தான். 1979-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் தரவுத்தளத்தைக் கட்டிய குழுவிலிருந்து மைக் பிளாஸ்கன், ஜிம் கிரே, மைக் மிட்டோமா, டாம் பிரைஸ் நால்வரும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கண்ட நோய்க்கு அவர்கள் வைத்த பெயர், போர்க்காலத்தில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் தொடரணியின் பெயர்.

நடப்பது இதுதான். தரவுத்தளத்துக்குள் எல்லோரும் அடிக்கடி தொடும் சில இடங்கள் உண்டு. மாற்றங்களைப் பதியும் லாக் பதிவேடு அதில் முதன்மை. அதைத் தொட ஒரு சிறு தாழ்ப்பாளைப் போட வேண்டும். சில நூறு கட்டளைகள் ஓடியதும் எடுத்துவிடலாம். வழக்கமாக யாரும் யாருக்காகவும் காத்திருக்க நேராது. ஒரு நாள், தாழ்ப்பாளைப் போட்டிருக்கும் கணத்தில் ஒருவரை இயங்குதளம் கடிகாரம் பார்த்து நிறுத்துகிறது. அவர் கையில் தாழ்ப்பாள் இருப்பது இயங்குதளத்துக்குத் தெரியாது. அது பார்ப்பது நேரத்தை மட்டும். அவர் திரும்பி வருவதற்குள் மற்ற அத்தனை பேரும் ஓடி வந்து அந்தத் தாழ்ப்பாளுக்கு வரிசை கட்டிவிடுகிறார்கள்.

சரி, அவர் திரும்பி வந்து எடுத்ததும் வரிசை கரைந்துவிடாதா? கரையாது. தாழ்ப்பாள் வரிசையின் முதல் ஆளுக்குக் கைமாறுகிறது. தாழ்ப்பாளை விட்டவர் கொஞ்ச தூரம் ஓடுகிறார். அவருக்கு மறுபடியும் அதே தாழ்ப்பாள் வேண்டும். போய் வரிசையின் கடைசியில் நிற்கிறார். எல்லோருக்கும் அதே கதி. முன்பு சில கட்டளைகளில் கிடைத்த தாழ்ப்பாளுக்கு இப்போது ஒவ்வொரு முறையும் தூங்கி எழ வேண்டியிருக்கிறது. தூங்கி எழும் செலவு ஆயிரக்கணக்கான கட்டளைகள். ஒரே ஒரு தவறான இடைநிறுத்தம் போதும், சர்வர் நாள் முழுவதும் நொண்டும்.

அவர்கள் சொன்ன மருந்து எளிமையானது. தாழ்ப்பாளை எடுக்கும்போது வரிசையின் முதல் ஆளுக்கு அதைக் கொடுக்காதே. திறந்தே போடு, காத்திருப்போர் அனைவரையும் எழுப்பிவிடு, யார் முதலில் ஓடி வருகிறாரோ அவர் பிடித்துக்கொள்ளட்டும். வரிசை ஒழுங்கு கெடும், ஆனால் தொடரணி கலையும். முறை தவறாமல் வரிசையில் நிற்பதுதான் நியாயம் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1981-இல், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இயங்குதளங்கள் தரவுத்தளத்துக்கு என்ன உதவி செய்கின்றன என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இதே குற்றச்சாட்டு இன்னும் அகலமாக வந்தது. அவருடைய இங்க்ரெஸ் யூனிக்ஸில் ஓடியது. யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர், பொதுத் தேவைக்குக் கட்டியது என்பதால், தரவுத்தளத்தின் உயிர்நாடியைப் பிடித்திருப்பவரையும் சும்மா உட்கார்ந்திருப்பவரையும் ஒன்றாக நடத்துகிறது என்பது அவர் முறையீட்டின் சாரம்.

4. விட்டுக்கொடுத்தலின் வீடு

ஆகவே அடுத்த தலைமுறை ஒரு முடிவுக்கு வந்தது: இயங்குதளத்தை நம்ப வேண்டாம், உள்ளேயே நம் சொந்த ஷெட்யூலரை வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான பயனர்களுக்கும் சைபேஸ் ஒரே இயங்குதளச் செயல்முறையாக ஓடியது. உள்ளே யார் ஓடுவது என்பதை அதுவே தீர்மானித்தது. வழி, விட்டுக்கொடுத்தல். தாழ்ப்பாள் எதுவும் கையில் இல்லாத இடங்களை நிரலை எழுதியவர்களே தேர்ந்து, அங்கே நின்று அடுத்தவருக்கு வழிவிடும் வரியைச் சேர்த்தார்கள். தொடரணி நோய்க்கு இது நல்ல மருந்து.

பிறர் எழுதிய நிரல் உள்ளே வந்தபோதுதான் மருந்து வேலை செய்யவில்லை. சைபேஸின் ஏற்பாட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு வேலைக்கு ஒதுக்கிய நேரத்துண்டு 100 மில்லிநொடி. அது கடந்தாலும் யாரும் பிடுங்கமாட்டார்கள். அடுத்து வழிவிடும் இடம் வரும் வரை ஓடலாம். அப்படி ஓட இன்னொரு கருணைக் காலம் உண்டு: 500 டிக். ஒரு டிக் வழக்கமாக 100 மில்லிநொடி என்பதால் மொத்தம் 50 நொடி. அதற்குள்ளும் வழிவிடாவிட்டால் அந்த வேலையைச் சர்வர் கொன்றுவிடும். பிழைப் பதிவேட்டில் டைம்ஸ்லைஸ் மைனஸ் 501 என்று எழுதி, அந்தச் செயல்முறைக்கு நோய் தொற்றியதாக அறிவிக்கும். சைபேஸ் பார்த்துக்கொண்ட பழைய நிர்வாகிகளிடம் 501 என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகமே கதை சொல்லும்.

என் கருத்தில் அந்த 50 நொடி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். விட்டுக்கொடுப்பார்கள் என்று நம்பிக் கட்டிய வீட்டில், விட்டுக்கொடுக்காதவரை என்ன செய்வது என்பதற்கு நடுவழி எதுவும் யோசிக்கப்படவில்லை. ஒன்று கும்பிடு, இல்லையேல் கொலை.

சைபேஸிடமிருந்து பிரிந்து வளர்ந்த மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர், 1998-இன் 7.0 பதிப்பிலிருந்து இதே விட்டுக்கொடுத்தலை மெருகேற்றியது. நேரத்துண்டு 4 மில்லிநொடி. ஓடும் வேலை அதற்கொரு முறை தானாக ஒதுங்கும். ஒதுங்காமல் ஒரு நிமிட அளவுக்குப் பிடிவாதம் பிடித்தால் 17883 என்ற எண்ணில் எச்சரிக்கை வரும். 2005 பதிப்பில் டாட் நெட் மொழிகளில் எழுதிய புரொசீஜர்களையும் ட்ரிகர்களையும் உள்ளே விட்டபோது, இந்த ஆட்கள் ஒதுங்கமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டார்கள். அவற்றைக் கண்காணித்து, நெடுநேரம் ஒதுங்காததை வலிந்து நிறுத்தி, வரிசையில் பின்னுக்குத் தள்ளும் ஏற்பாடு அதில் உண்டு.

ஃபயர்பேர்ட் என்ற திறந்தமூலத் தரவுத்தளம் வேறு வழி பிடித்தது. ஜிம் ஸ்டார்க்கி தொடங்கிய இன்டர்பேஸின் நிரலை 2000-இல் போர்லாண்ட் திறந்துவிட்டபோது பிறந்தது இது. அதன் பழைய சூப்பர்சர்வர் கடிகாரத்தைப் பார்க்காது, படிகளை எண்ணும். புரொசீஜரின் ஒவ்வொரு படியையும் ஓட்டும்போது ஒரு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து, தீர்ந்ததும் அடுத்தவருக்கு வழிவிடும். புரொசீஜர் எழுதியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மொழியை ஓட்டும் இயந்திரமே அவருக்காக விட்டுக்கொடுத்துவிடும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் ஒரு படி என்பது எவ்வளவு பெரியது? கூட்டலும் ஒரு படி. வெளியே சி மொழியில் எழுதிய துணை நிரலை அழைப்பதும் ஒரு படி. அந்தத் துணை நிரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் எண்ணிக்கை நகராது.

5. கொடியும் பாதுகாப்பான இடமும்

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி இயங்குதளச் செயல்முறை. யாரை எப்போது நிறுத்துவது என்பது இயங்குதளத்தின் பாடு. உங்கள் புரொசீஜர் முடிவில்லாமல் சுழன்றாலும் என் கேள்வி ஓடும். தாழ்ப்பாள்களை மிகக் குறுகிய நேரமே பிடிப்பது என்ற கட்டுப்பாட்டால் தொடரணியை ஓரளவு சமாளிக்கிறார்கள்.

ஆனால் ஓடும் ஒரு புரொசீஜரை ரத்து செய்யச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. சிக்னல் வந்ததும் அது எந்த வேலையையும் அங்கேயே வெட்டாது. ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரும். நிரலெங்கும் பாதுகாப்பான இடங்களில், சுழற்சியின் தலைப்பில், அடுத்த வரியை எடுக்கும் முன், கொடி ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி இருக்கிறது. ஏறியிருந்தால் அங்கே நின்று, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கலைத்துவிட்டு வெளியேறும். தாழ்ப்பாள் கையில் இருக்கும்போது கொடியைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு.

நிறுத்தச் சொல்லும் உரிமை வெளியே. நிற்கும் இடம் உள்ளே. இடைநிறுத்தம், விட்டுக்கொடுத்தல் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வது பாதி உண்மைதான். கோ என்ற நிரல்மொழியும் இதே பாதையில் நடந்தது. செயல்கூறு அழைப்பே இல்லாத இறுக்கமான சுழற்சியை அதனால் நிறுத்த முடியாமல் இருந்தது. 2020-இல் வந்த 1.14 பதிப்பில் சிக்னல் அனுப்பி நிறுத்தும் வழி சேர்ந்தது.

6. கேட்டில் நிற்கும் லாரி

இனி பூட்டுக்கு வருகிறேன். தாழ்ப்பாள் என்பது மைக்ரோநொடிக் கணக்கு. பூட்டு அப்படியல்ல. சேர்ந்தே நடக்க வேண்டிய, இல்லையேல் முழுதாகத் திரும்ப வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை டிரான்சாக்‌ஷன் என்பார்கள்; அதை நிலையாக உறுதிசெய்வது கமிட். ஒரு டிரான்சாக்‌ஷன் ஒரு வரியை மாற்றினால், அந்த வரியின் பூட்டை அது கமிட் ஆகும் வரை வைத்திருக்கும்.

உங்களுக்குப் பழக்கமான இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கன்டெய்னர் நிலையம். மாலை ஆறு மணி. கேட்டில் லாரிகள் வரிசை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் எழுத்தர் ஒரு பதிவு போடுகிறார். அந்தப் பதிவில் ஒரு ட்ரிகர்: பெட்டி எந்த பிளாக்குக்குப் போகிறதோ, அந்த பிளாக்கின் கணக்கு வரியில் ஒன்றைக் கூட்டும். அதே சர்வரில் மாதக் கடைசிக்கான புரொசீஜர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது: எல்லாப் பெட்டிகளுக்கும் கிரவுண்ட் ரென்ட் கணக்கிடுவது. இருபது நிமிட வேலை.

சர்வரில் விட்டுக்கொடுத்தல் மட்டும் இருந்து, வாடகைப் புரொசீஜர் விட்டுக்கொடுக்காவிட்டால், லாரி இருபது நிமிடம் நிற்கும். இடைநிறுத்தம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. சரி, இடைநிறுத்தம் வைக்கிறோம். கேட்டுக்கு மேல் முன்னுரிமை, வாடகைக்குக் கீழ் முன்னுரிமை. வாடகைப் புரொசீஜர் வெறுமனே படித்துக் கூட்டுகிற வேலையாக இருந்தால் எல்லாம் சுகம். அதை எத்தனை முறை எழுப்பினாலும் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் அந்தப் புரொசீஜர் போகிற போக்கில் பிளாக் வரியிலும் நிலுவைத் தொகையை எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே பிளாக் வரியின் பூட்டு அதன் கையில். இப்போது கேட் பதிவு வருகிறது, வாடகையை நிறுத்திவிட்டு ஓடுகிறது, ட்ரிகர் கிளம்புகிறது, பிளாக் வரியைக் கேட்கிறது. பூட்டு யாரிடம்? இப்போதுதான் எழுப்பி அனுப்பப்பட்டவரிடம். எழுப்பியவர் எழுப்பப்பட்டவருக்காகக் காத்திருக்கிறார்.

இதோடு போனால்கூடப் பரவாயில்லை. வாடகைக்கு மறுபடி நேரம் கிடைத்து அது முடிக்கும். நடுவில் மூன்றாவதாக ஒரு சுங்க அறிக்கை, நடுத்தர முன்னுரிமையோடு வந்தால்? அதற்குப் பூட்டு எதுவும் வேண்டாம், நேரம் மட்டும் போதும். அது வாடகையைவிட மேல் என்பதால் ஓடிக்கொண்டே இருக்கும். வாடகை நகராது; வாடகை நகராததால் கேட் நகராது. எல்லோரிலும் உயர்ந்த முன்னுரிமை பெற்ற லாரி, நடுத்தர முன்னுரிமை பெற்ற அறிக்கைக்காக நிற்கும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்பத் தானாக மறுதொடக்கம் ஆனதற்குக் காரணம் இதே முடிச்சு. பூட்டு வைத்திருக்கும் கீழ்நிலை வேலைக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்தித் தரும் வசதியைப் பூமியிலிருந்து இயக்கி அதைச் சரிசெய்தார்கள்.

கொன்றுவிட்டால் பூட்டு விடுபடாதா என்று கேட்கலாம். விடுபடும், ஆனால் அதுவரை எழுதியதையெல்லாம் பழையபடி திருப்பி எழுதியாக வேண்டும், அதற்கும் நேரம் ஆகும், அதுவரை பூட்டும் இருக்கும். திருப்பி எழுதும் வசதியே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ரெடிஸ் என்ற தரவுத்தளம், லூவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டும்போது வேறு எதையும் ஓட்டாது. 5 நொடி தாண்டினால் மற்றவர்களுக்கு வேலையாக இருக்கிறேன் என்று பதில் சொல்லத் தொடங்கும். ஸ்கிரிப்டைக் கொல்லக் கட்டளை உண்டு, ஆனால் அது இதுவரை எதையும் எழுதாமல் இருந்தால் மட்டும். ஒரு எழுத்து எழுதிவிட்டாலும் மிஞ்சும் வழி சர்வரையே சேமிக்காமல் அணைப்பது. எங்கே நேரத்தைப் பறிக்கலாம், எங்கே பறிக்கக் கூடாது என்ற கோட்டை இவ்வளவு பச்சையாக வேறு யாரும் வரைந்து காட்டியதில்லை.

7. கையில் எதுவும் இல்லாதவர்களாக

அப்படியானால் செய்ய வேண்டியது, நிரல்கள் ஓடும் நேரத்தின் பெரும்பகுதியில் அவற்றின் கையில் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்வது. 1974-இல் இங்கே பெருந்துறைமுகம் வருவதற்கு முன், பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கைச் சுமந்தன. வேகம் குறைவுதான், ஆனால் தளமே இல்லாததால் தளத்திலிருந்து யாரையும் எழுப்பும் பேச்சும் இல்லை.

படிப்பவர்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் முடிந்த காரியம். ஒரு வரியை மாற்றும்போது பழைய வடிவத்தையும் வைத்திருந்தால் படிப்பவர் பூட்டே போட வேண்டாம். இந்தப் பல்வடிவ முறையை வணிகத் தரவுத்தளங்களில் முதலில் கொண்டுவந்தவற்றுள் ஸ்டார்க்கியின் இன்டர்பேஸும் ஒன்று. இன்று போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டிலும் அதுவே அடித்தளம். ஆரக்கிளின் வளப் பங்கீட்டு மேலாளர் நீண்ட அறிக்கைகளை நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதும் புரொசீஜரை வேறு மாதிரி நடத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ் 2018-இன் 11-ஆம் பதிப்பிலிருந்து புரொசீஜருக்குள்ளேயே கமிட் செய்ய விடுகிறது. வாடகைக் கணக்கை ஐநூறு ஐநூறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் கமிட் செய்தால் பூட்டுகள் அவ்வப்போது விடுபடும். நேரத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவந்த நிரல் இப்போது பூட்டையும் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் பாதியில் சர்வர் விழுந்தால் எந்தக் கட்டு வரை முடிந்தது என்று கண்டுபிடித்துத் தொடரும் வழியையும் நாமே எழுத வேண்டும். அந்த உழைப்புக்குப் பலர் தயாராக இல்லை.

ட்ரிகருக்கு இந்த வழி கிடையாது. அது தன்னைக் கிளப்பிய டிரான்சாக்‌ஷனின் வயிற்றுக்குள் ஓடுகிறது. நடுவில் கமிட் செய்ய அதற்கு உரிமை இல்லை. ஆகவே ட்ரிகரை இடைநிறுத்துவதைப் பற்றி யோசிப்பதைவிட, அது எதைத் தொடுகிறது என்று யோசிப்பது பலன் தரும். எல்லா லாரியும் ஒரே பிளாக் வரியைக் கூட்டாமல், ட்ரிகர் ஒரு பதிவேட்டில் ஒன்று கூடியது என்று புது வரி எழுதிவிட்டுப் போகட்டும். கூட்டுத்தொகையைப் பின்னால் வேறொருவர் போடட்டும். புது வரிக்கு யாரோடும் போட்டியில்லை. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கட்டளை இதுதான்: ட்ரிகருக்குள் பலர் பகிரும் எண்ணிக்கையைத் தொடாதே, வெளியே எந்த சர்வரையும் அழைக்காதே.

ஆய்வுலகமும் மறுபடி இடைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. இன்டெலின் சஃபையர் ரேபிட்ஸ் வகைச் சில்லுகளில், இயங்குதளத்தைத் தொந்தரவு செய்யாமல் ஒரு நிரல் இன்னொன்றை நேரே தட்டி நிறுத்தும் வசதி வந்திருக்கிறது. 2025 சிக்மாட் மாநாட்டில் பிரீஎம்ப்ட்-டி.பி. என்ற பெயரில் வந்த ஆய்வு அதைப் பயன்படுத்தி, நீண்ட டிரான்சாக்‌ஷனை நடுவில் நிறுத்தி அதே தொழிலாளி இழையில் குறுகிய ஒன்றை ஓட்டி முடித்துவிட்டுத் திரும்புகிறது. தாழ்ப்பாள் பிடிக்கும் பகுதிகளில் மட்டும் தட்டினாலும் நிற்கக் கூடாது என்று குறியிட்டிருக்கிறார்கள். அது பல்வடிவத் தரவுத்தளத்தின் மேல் கட்டியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படிப்பவர் கையில் பூட்டு இல்லாததால்தான் துணிந்து தட்ட முடிகிறது.

8. செலவு யாருடையது

கடைசியாக, துறைமுகக் கட்டணப் பட்டியலைப் படித்தபின் என்னை விடாத ஒரு கேள்வி. நிறுத்தப்பட்ட நிரல் திரும்பி வரும்போது பிராசஸரின் கேஷில் அது வைத்திருந்ததெல்லாம் போயிருக்கும். மறுபடி நிரப்ப வேண்டும். அது பிடித்திருந்த பூட்டுக்காகக் காத்திருந்தவர்களின் நேரமும் கூடியிருக்கும். இன்று எந்தத் தரவுத்தளமும் இந்தச் செலவை எழுப்பியவர் கணக்கில் எழுதுவதாக நான் பார்த்ததில்லை. எல்லாம் எழுப்பப்பட்டவர் கணக்கில் சேர்கிறது: அவருடைய வினவல் மெதுவாக ஓடியது, அவருடைய புரொசீஜர் நேரம் தாண்டியது என்று. பிறகு அதே பதிவேட்டைக் காட்டி அவரையே திட்டுகிறோம்.

கணக்கை மாற்றி எழுதுவது கடினமல்ல. ஒவ்வொரு இடைநிறுத்தத்துக்கும் ஒரு விலை வைத்து, அதை எழுப்பிய முன்னுரிமை வகுப்பின் ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கலாம். ஒதுக்கீடு தீர்ந்த வகுப்பு அந்தச் சுற்றில் மேலும் யாரையும் எழுப்ப முடியாது, வரிசையில் முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான். எழுப்பப்பட்டவர் எத்தனை முறை எழுப்பப்பட்டாரோ அதற்கேற்ப அவரை எழுப்பும் விலையை ஏற்றினால், மாதக் கடைசி வாடகைக் கணக்கு ஒரு கட்டத்துக்கு மேல் யாராலும் எழுப்ப முடியாததாகி ஓடி முடியும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கப்பலைப்போல விலக்கு பெறும் வேலைகளும் சில இருக்கும்: பாதியில் இறந்த டிரான்சாக்‌ஷன்களைத் திருப்பி எழுதுவது, லாக் பதிவேட்டை வட்டில் சேர்ப்பது. அந்தப் பட்டியல் குறுகியதாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் போஸ்ட்கிரெஸின் நிரலையே எடுத்துக்கொள்ளலாம். கொடியைப் பார்க்கும் அந்த ஒரு வரி எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.